அயோடின் 131: 8 நாளில் பாதி என்றால் 16 நாளில் தீர்ந்துவிடுமா?

கேள்வி: களியக்காவிளைக்காரி

அம்மாவுக்கு ஹைப்பர் தைராய்டு. மாத்திரை ஒத்துவரவில்லை என்று திருவனந்தபுரத்தில் ரேடியோ அயோடின் (கதிர் விடும் அயோடின் 131) கொடுத்திருக்கிறார்கள். 10 மில்லிகியூரி, ஒரே ஒரு கேப்சூல். அன்றைக்கே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் கூட்டம் என்று தனியாகக் கார் பிடித்து வந்தோம். என் மகனுக்கு இரண்டு வயது, பாட்டி மடியில்தான் தூங்குவான். கொடுத்த தாளில் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 8 நாள் என்று போட்டிருக்கிறது. "அப்போ 16 நாளில் சுத்தம்" என்கிறார் கொழுந்தன். சரிதானா? அடுத்த மாதம் அம்மா துபாயில் அண்ணன் வீட்டுக்குப் போக டிக்கெட் வேறு எடுத்தாகிவிட்டது.

பதில்: பிசிக்ஸ் சார், மார்த்தாண்டம்

கொழுந்தன் கணக்கில் 16வது நாள் பூஜ்யம் வருகிறது. உண்மையில் அன்றைக்குக் கால்பங்கு மிச்சம் இருக்கும். 24வது நாள் அரைக்கால். 80வது நாளில்தான் ஆயிரத்தில் ஒரு பங்காகும்.

ஏன் இப்படி? அணுவுக்கு முதுமை கிடையாது. ரப்பர் மரம் வயதானால் பால் குறையும், வெட்டிவிடுவோம். அயோடின் 131 அணு அப்படியல்ல. நேற்று உண்டானதும் சரி, இரண்டு மாதம் தாக்குப்பிடித்ததும் சரி, அடுத்த 24 மணி நேரத்தில் சிதைய இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு, சுமார் 8.3 சதவீதம். ஆகவே தினமும் போவது, அன்றைக்கு இருப்பதில் 8.3 சதவீதம். இருப்பு குறையக் குறைய, போவதும் குறைகிறது. சிதைந்தது பீட்டா துகளை விட்டுவிட்டு செனான் 131 ஆகிவிடும், அது சாதுவான வாயு.

ஆனால் அம்மாவின் உடம்பில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. தைராய்டு பிடிக்காத அயோடின் முதல் ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். தைராய்டு பிடித்துக்கொண்ட அயோடினும் மெல்ல மெல்ல வெளியேறும். உடம்பு மட்டும் பாதியை வெளியேற்ற 24 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஆளுக்கு ஆள் மாறும்). இங்கே நாட்களைக் கூட்டக் கூடாது, வேகங்களைக் கூட்ட வேண்டும்: 1/8 + 1/24 = 1/6. அதாவது 6 நாளில் பாதி. கொழுந்தனிடம் இதையும் காட்டுங்கள்.

பதில்: கடற்கரைவாசி, மணவாளக்குறிச்சி

சார், எங்கள் ஊர் மணலில் தோரியம் இருக்கிறதே, அதன் அரை ஆயுள் 1400 கோடி வருடம் என்கிறார்கள். 8 நாளுக்கே இவ்வளவு பத்தியம் என்றால் நாங்கள் என்ன கதியாவது?

பதில்: பிசிக்ஸ் சார், மார்த்தாண்டம்

தலைகீழாகப் பாருங்கள். ஆயுள் நீண்டால் அணுக்கள் அவசரமே படவில்லை என்று பொருள். ஒரு கிராம் தோரியம் 232-ல் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள்தான் சிதையும். ஒரு கிராம் அயோடின் 131-ல் நொடிக்கு 46 கோடி கோடி, அதாவது 46-க்குப் பின்னால் 14 பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் மருத்துவத்தில் கிராமில் கோடியில் சில பங்கு போதுகிறது. உங்கள் கடற்கரையில் தோரியத்தின் வாரிசுகளும் (அது சிதைந்து உண்டாகும் அணுக்களும்) சேர்ந்து கதிர் விடுகின்றன. சாதாரண ஊர்களைவிட அங்கே அளவு கூடுதல்தான், அதை மறுக்கவில்லை. அரை ஆயுளை வைத்து மட்டும் பயப்படாதீர்கள் என்கிறேன்.

சொல்லப்போனால் இந்தக் கணக்கே தோரியத்தில்தான் பிடிபட்டது. இயற்பியல் விஞ்ஞானி ரூதர்ஃபோர்டு 1900-ல் கனடாவின் மான்ட்ரியலில், தோரியத்திலிருந்து கிளம்பும் வாயுவின் கதிரியக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாவதைக் கண்டார்.

பதில்: காமா கேமரா (நியூக்ளியர் மெடிசின் டெக்னீஷியன்)

தங்கச்சி, சார் கணக்கு சரி. ஆனால் குழந்தையை எப்போது மடியில் விடுவது என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யாதீர்கள். தாளில் தேதி இருக்கும், இல்லாவிட்டால் போன் பண்ணிக் கேளுங்கள். அதுவரை தனிப் படுக்கை. இரண்டு மடங்கு தள்ளி உட்கார்ந்தால் கதிர் கிட்டத்தட்ட கால்பங்காகிவிடும். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், டாய்லெட்டில் இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணட்டும்.

துபாய் விஷயம் முக்கியம். விமான நிலையங்களில் இருக்கும் கதிர்வீச்சு டிடெக்டர்கள் மிகச் சிறிய அளவையும் பிடிக்கும், வாரக்கணக்கில் கழித்துப் போனாலும் அலாரம் அடிக்கலாம். என்ன மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு டோஸ் என்று ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். அது பெட்டியில் வேண்டாம், அம்மா கைப்பையில் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும்.