'ரா' சாதன அணுகலுக்குப் 'பச்சை' என்று எழுதுவோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் இயங்குதளக் கருனி (இயங்குதளத்தின் மைய நிரல், 'கெர்னல்') பற்றிய ஆவணத்தில் 'ரா ஐஓ' என்ற தொடர் வரும் இடமெல்லாம் தமிழ்ச் சொல் அமையாமல் இன்னும் வெற்றிடமாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ரா' என்றால் சமைக்காதது; 'ஐஓ' என்றால் உள்ளீடு, வெளியீடு. 'மூல', 'கச்சா', 'நேரடி', 'இடையகமற்ற' என்று நான்கு முன்மொழிவுகள் வந்துவிட்டன. ஒலிபெயர்த்து 'ரா' என்றே விட்டுவிடலாம் என்றும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் ஆவணத்தின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். எனக்குப் 'பச்சை'தான் சரி என்று படுகிறது. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பிடித்துக்கொள்வோம். வட்டில் 1000ஆவது பைட்டிலிருந்து 100 பைட் வேண்டும் என்று ஒரு நிரல் கேட்கிறது. வழக்கமான வழியில் கருனி என்ன செய்கிறது? அந்த இடம் அடங்கிய 4096 பைட் பக்கம் முழுவதையும் வட்டிலிருந்து எடுத்துத் தன் பதுக்ககத்தில், அதாவது நினைவகத்தில் இதற்கென்று ஒதுக்கிய 'கேஷ்' இடத்தில், வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து கேட்ட 100 பைட்டை மட்டும் நறுக்கி நிரலின் நினைவகத்தில் நகலெடுத்துத் தருகிறது. அடுத்த முறை அதே பக்கத்தை யார் கேட்டாலும் வட்டைத் தொடாமலே கொடுத்துவிடும். எழுதும்போதும் அப்படித்தான்: வாங்கி வைத்துக்கொண்டு, தனக்கு வசதிப்பட்ட நேரத்தில் வட்டுக்கு அனுப்பும்.

'ரா' வழியில் இந்த உபசாரம் எதுவும் கிடையாது. அதே 1000, 100 என்ற எண்களைக் கொடுத்தால், 512 பைட் வட்டக்கூறுகள் (வட்டு ஒரு முறையில் படிக்கும், எழுதும் மிகச் சிறிய துண்டுகள்) கொண்ட வட்டில், கருனி பிழை சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். தொடங்கும் இடமும் கேட்கும் அளவும் 512இன் மடங்காக இருக்க வேண்டும். தரவு வந்து இறங்கும் நினைவக முகவரிக்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. ஆகவே நிரல் 512ஆவது பைட்டிலிருந்து 1024 பைட்டைக் கேட்டு வாங்கி, தனக்கு வேண்டிய நூறைத் தானே பொறுக்கிக்கொள்ள வேண்டும். கருனி செய்வதெல்லாம் நிரலின் நினைவகப் பக்கங்கள் இடம் மாறாமல் பிடித்து வைத்துக்கொண்டு, 'இங்கே கொண்டுவந்து கொட்டு' என்று வட்டுக்குச் சொல்வதுதான். நூறு பைட்டை மாற்றி எழுத வேண்டுமானால் வேலை இன்னும் கூடுதல். இரண்டு வட்டக்கூறுகளையும் படித்து, நடுவில் திருத்தி, முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். இதையும் நிரல்தான் செய்ய வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு முன்மொழிவுகளைப் பார்ப்போம்.

'மூல' என்பதை நான் மிகவும் எதிர்க்கிறேன். மூலத் தரவு, மூலப்பொருள் என்று பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் கணினித் தமிழில் 'மூலம்' என்றால் எதிலிருந்து எடுக்கிறோமோ அது. மூல நிரல், மூல மொழி, மூலக் கோப்பு என்று அந்தப் பொருளில் அது வேரூன்றிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் வட்டை நகலெடுக்கும் ஒரு கருவியின் உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும்போது நானே 'மூலச் சாதனம்' என்று இரண்டு பொருளிலும் எழுதியிருந்தேன். ஒரு வரியில், எதிலிருந்து நகலெடுக்கிறோமோ அந்த வட்டு. நான்கு வரி தள்ளி, 'ரா' சாதனம். அந்த இரண்டாவது வரியில் அது எழுதப்படும் வட்டைக் குறித்தது, அதாவது இலக்கை. மெய்ப்புப் பார்த்தவர் சிவப்பு மையில் சுழித்து, "இதைப் படித்துவிட்டு ஒருவர் வட்டுகளை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வெற்று வட்டு, தரவு நிறைந்த வட்டின் மேல் எழுதப்பட்டிருக்கும். அன்றிலிருந்து இந்தப் பொருளில் 'மூல' என்ற சொல்லை நான் தொடுவதில்லை.

'கச்சா' என்று முன்மொழிந்த ஐயா, கச்சா எண்ணெயை எடுத்துக்காட்டினார். சுத்திகரிக்கும் முன் இருக்கும் எண்ணெய் வேறு பொருள், சுத்திகரித்தபின் கிடைப்பது வேறு பொருள். வட்டுத் தரவில் அந்த மாற்றம் இல்லை. பதுக்ககம் வழியாக வந்தாலும் 'ரா' வழியாக வந்தாலும் பைட்டுகள் ஒன்றேதான், ஒரு பிட்கூட மாறாது. தவிரவும் 'கச்சா' என்றதும் தரம் குறைந்தது என்ற நினைப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. தரவுத்தள மென்பொருள்கள் இந்த வழியைத் தேடிப் போனது தரத்துக்காகத்தான். அவை தங்களுக்கென்று சொந்தப் பதுக்ககம் வைத்திருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பத் தேவைப்படும், எது எப்போது வட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் கருனியைவிட நன்றாக அறிந்தவை. ஒரே தரவைக் கருனி ஒரு முறையும் தரவுத்தளம் ஒரு முறையும் நினைவகத்தில் வைத்திருப்பது வீண் என்பதால் அந்த ஏற்பாட்டை ஒதுக்கின.

'நேரடி' நல்ல சொல். அதனால்தான் அது வேறொன்றுக்குப் போய்விட்டது. லினக்ஸில் 2.4.10 பதிப்பிலிருந்து 'ஓ-டைரக்ட்' என்ற கொடி, அதாவது விருப்பக் குறி, இருக்கிறது. கோப்பைத் திறக்கும்போது அதைக் கொடுத்தால், இயன்றவரை பதுக்ககத்தைத் தாண்டிப் படிக்கலாம், எழுதலாம். ஆனால் அங்கே கோப்பு முறைமை நடுவில் நிற்கிறது: இந்தக் கோப்பின் இந்தப் பகுதி வட்டில் எங்கே இருக்கிறது என்று அதுதான் சொல்கிறது. சாதனத்தையே 'ரா'வாகத் திறந்தால் கோப்பு முறைமையும் இல்லை. வட்டு முழுவதும் எண்ணிட்ட தொகுதிகளின் வரிசையாக மட்டும் தெரியும். இரண்டும் உறவுள்ளவை, ஆனால் ஒன்றல்ல. ஓ-டைரக்டுக்கு 'நேரடி அணுகல்' என்று ஏற்கெனவே எழுதிவிட்டோம். அதே சொல்லை இதற்கும் கொடுத்தால், இரண்டையும் ஒப்பிடும் அத்தியாயத்தில் தவிப்போம். நினைவகத்துக்கும் ஒரு 'நேரடி அணுகல்' உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

'இடையகமற்ற' என்பதில்தான் நான் அதிக நேரம் தங்கினேன். இடையகம் என்பது தரவை நடுவில் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். அது பொருளை ஒட்டிய சொல், முன்மொழிந்த நண்பர் நன்றாகவே யோசித்திருக்கிறார். ஆனால் 'ரா' என்ற சொல் வட்டோடு நிற்பதில்லையே. முனையத்துக்கும், அதாவது நாம் விசைகளைத் தட்டிக் கட்டளை கொடுக்கும் இடத்துக்கும், 'ரா' முறை உண்டு. சாதாரண முறையில் நாம் தட்டுவதைக் கருனி ஒரு வரியாகச் சேர்த்து வைக்கிறது. அழிப்பு விசையைத் தட்டினால் அந்த எழுத்தைத் தானே நீக்குகிறது. வரி முடிந்தபின்தான் நிரலுக்குக் கொடுக்கிறது. நிறுத்து விசை வந்தால், நிறுத்தச் சொல்லும் குறிப்பலையை நிரலுக்கு அனுப்புகிறது. 'ரா' முறையில் அழிப்பு விசையும் நிறுத்து விசையும்கூட வெறும் பைட்டுகளாக அப்படியே நிரலின் கைக்குப் போகின்றன. இங்கே விடுபடுவது இடையகம் மட்டும் இல்லை, கருனி செய்யும் செப்பனிடும் வேலை முழுவதும். வலையமைப்பிலும், நிரல் தரவை அனுப்பவும் பெறவும் பயன்படுத்தும் வாயிலான சாக்கெட்டில், 'ரா சாக்கெட்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே கருனி டிசிபி, யுடிபி என்ற வலையமைப்பு நெறிமுறைகளின் தலைப்பைச் சேர்த்துத் தராது, நிரலே அடுக்கிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: கருனி வழக்கமாகச் செய்து தரும் கைவேலை நடக்காத நிலை. வட்டுக்கு ஒரு சொல், முனையத்துக்கு ஒரு சொல், வலையமைப்புக்கு ஒரு சொல் என்று பிரித்தால் இந்த ஒற்றுமை தமிழில் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இனிப் பச்சைக்கு வருகிறேன்.

தமிழில் பச்சை என்பது நிறத்துக்கு மட்டும் உரிய சொல்லாக என்றும் இருந்ததில்லை. பச்சைக் குழந்தை, பச்சைப் புண், பச்சை மண், பச்சைச் செங்கல். இவற்றில் எதுவும் பச்சை நிறம் இல்லை. எல்லாவற்றிலும் பொருள் ஒன்று: இன்னும் ஆறவில்லை, சுடப்படவில்லை, கைபடவில்லை. 660ஆம் குறள் 'பசுமட்கலம்' என்று சுடாத மண்கலத்தைச் சொல்கிறது. அதில் ஊற்றி வைத்த நீர் என்ன ஆகும் என்பதுதான் அங்கே உவமை. வேர் அத்தனை பழையது. நாம் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை, படிப்பவர் அறிந்த பொருளையே கருனிக்குள் கொண்டுவருகிறோம்.

இன்னொரு ஆதாயம், யூனிக்ஸ்காரர்கள் 'ரா'வுக்கு எதிராக வைத்திருக்கும் சொல். அவர்கள் அதைச் 'சமைத்த முறை' என்ற பொருள்படச் சொல்கிறார்கள். முன்மொழிவுகளில் வேறு எதற்கும் இயல்பான எதிர்ச்சொல் அமையவில்லை. மூலத்துக்கு எதிர் எது? கச்சாவுக்கு எதிர்? பச்சைக்கு எதிராகப் 'பக்குவம்' ஆயத்தமாக நிற்கிறது. பச்சை முறை, பக்குவ முறை. பச்சை அணுகல், பக்குவ அணுகல். பக்குவம் என்பதில் 'ஏற்ற பதத்துக்குக் கொண்டுவருதல்' என்ற பொருளும் இருப்பதால் வட்டுக்கும் பொருந்துகிறது: கேட்ட அளவில் நறுக்கித் தருவது பக்குவம்தானே.

நிறக் குழப்பம் வரும் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கணிமையைப் 'பசுமைக் கணிமை' என்று எழுதுகிறோம், 'பச்சைக் கணிமை' என்று எழுதுவதில்லை. அந்தப் பிரிவு தானாகவே நிலைத்துவிட்டது. 'பச்சைச் சாதனம்' என்று முதன்முதலாகப் படிப்பவர் ஒரு நொடி நிறத்தை நினைக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதல் முறை வரும்போது 'பக்குவப்படுத்தாத' என்று பக்கத்தில் ஒரு சொல் விளக்கம் கொடுத்துவிடலாம். பச்சையாகப் பேசுவது என்ற வழக்கால் சிலருக்குக் கூச்சம் வரலாம் என்றும் ஒருவர் சொன்னார். பச்சைக் குழந்தை என்று சொல்ல யாரும் கூசுவதில்லை.

ஒலிபெயர்ப்பைப் பற்றிச் சுருக்கமாக: 'ரா' தமிழில் இரவைக் குறிக்கும் சொல். 'ரா சாதனம்' இரவில் இயங்கும் சாதனம் போல ஒலிக்கிறது.

பின்பாதியான 'உள்ளீடு, வெளியீடு' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'வெளியீடு' என்பதை மென்பொருள் பதிப்பு வெளிவருவதற்கும் எழுதுகிறோம். ஆகவே 'பச்சை வெளியீடு' என்று தனியே நின்றால், சரிபார்க்காமல் விட்ட பதிப்பு என்று படிக்க இடமுண்டு. தலைப்புகளில் 'பச்சை உள்ளீடு-வெளியீடு' என்று முழுமையாக எழுதுவோம். ஓடும் உரையில் 'பச்சை அணுகல்' போதும். படிப்பதும் எழுதுவதும் அணுகல்தான்.

வரலாற்றுப் பகுதியிலும் இந்தச் சொல் நன்றாக உட்காருகிறது. 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் 'ஆர்கே' வகை வட்டைக் குறிக்கும் சாதனக் கோப்பின் பெயருக்கு முன்னால் இன்னோர் 'ஆர்' சேர்த்தால் அது பச்சைச் சாதனம். ஒரு படிப்பு அழைப்புக்குச் சரியாக ஒரே ஒரு வட்டுச் செயல், அளவு 512இன் மடங்கு என்பதெல்லாம் அப்போதே விதி. சோலாரிஸில் 'டிஎஸ்கே', 'ஆர்டிஎஸ்கே' என்றும், மேக்ஓஎஸ்ஸில் 'டிஸ்க்', 'ஆர்டிஸ்க்' என்றும் அதே 'ஆர்' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் 2001இல் வந்த 2.4 பதிப்பில் பச்சைச் சாதனங்களுக்கென்றே ஓர் இயக்கி சேர்ந்தது. 2021இல் 5.14 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள், ஓ-டைரக்டே போதும் என்றாகிவிட்டது. எனவே லினக்ஸ் பகுதியில் இச்சொல் பெரும்பாலும் இறந்த காலத்தில் வரும். யூனிக்ஸ் பகுதியில் நிகழ்காலத்தில் வரும். இதைத் தொகுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க, பதுக்ககம் பற்றிய எச்சரிக்கைப் பத்தியை இந்தச் சொற்களோடு எழுதியிருக்கிறேன்:

"ஒரே வட்டைப் பக்குவ அணுகலிலும் பச்சை அணுகலிலும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். பச்சை அணுகலில் எழுதியது கருனியின் பதுக்ககத்துக்குத் தெரியாது. பதுக்ககத்தில் பழைய தரவு அப்படியே இருக்கும். பக்குவ அணுகலில் படிக்கும் நிரலுக்கு அந்தப் பழைய தரவே கிடைக்கும்."

படித்துப் பாருங்கள். எனக்கு எங்கும் தட்டவில்லை.

ஒன்றே ஒன்றுக்கு எனக்கு விடை அகப்படவில்லை. முனையத்தில் பச்சைக்கும் பக்குவத்துக்கும் நடுவில் ஒரு முறை இருக்கிறது, 'சிபிரேக்' என்பது. எழுத்துகள் வரிக்குக் காத்திராமல் உடனுக்குடன் நிரலுக்குப் போகும், ஆனால் நிறுத்து விசை மட்டும் வழக்கம்போல வேலை செய்யும். 'அரைவேக்காடு' என்று எழுதினால் வசைச் சொல் ஆகிவிடும். 'அரைப்பக்குவம்' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.