கொடியை வெட்டாமல் மூச்சுக் கொடுக்க என்ன வழி?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஓர் ஆதார வைத்தியசாலையில், பிரசவ அறைத் தாதி நான். அழுதபடி பிறக்கும் குழந்தைக்கு ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் தொப்புள்கொடியைக் கவ்வியால் இறுக்கி வெட்டுகிறோம். அதில் சிக்கல் இல்லை. துவண்டு, மூச்செடுக்காமல் பிறக்கும் நிறைமாதக் குழந்தைதான் பிரச்சினை. மூச்சுக் கொடுக்கும் சூடேற்றும் மேசை சுவரோடு பொருத்தப்பட்டது. கொடியின் நீளமோ சராசரியாக 50 சென்ரிமீற்றர். வெட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. சூல்வித்தகத்தில் (நஞ்சில்) எஞ்சும் இரத்தம், அது மிகவும் தேவைப்படும் பிள்ளைக்கே கிடைக்காமற் போகிறது.

தாயின் கால்மாட்டில் சூடான துணி விரித்து, துடைத்து, அங்கேயே பையும் முகமூடியும் கொண்டு காற்றுக் கொடுத்துப் பார்த்தோம். மெத்தை அமிழ்கிறது, கழுத்து நேராக நிற்பதில்லை, முகமூடியின் ஓரத்தால் காற்றுக் கசிகிறது. கருவித் தள்ளுவண்டியை அருகில் கொண்டுவந்தால் உயரம் பொருந்தாமல் கொடி இழுபடுகிறது.

வெட்டாத கொடியை வழித்துவிடுவது, அதாவது அதிலுள்ள இரத்தத்தை விரல்களால் குழந்தைப் பக்கம் தள்ளுவது பற்றியும் பேசினோம். கர்ப்பத்தின் 35 வாரம் கடந்து பிறந்த துவண்ட குழந்தைக்கு அது பொருந்தலாம் என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2023 வழிகாட்டல். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு மூளை இரத்தக்கசிவு அபாயம் காரணமாகக் கூடாது. ஆனால் எனக்கு மூச்சுக் கொடுப்பதுதான் முதல் வேலை.

கொடி வெட்டாமலே மூச்சுக் கொடுப்பதற்கான விலையுயர்ந்த பிரத்தியேக வண்டி இல்லாத பிரசவ அறையில், கட்டிலோரமாக உறுதியான, உயரம் மாற்றக்கூடிய தளத்தை எதைக்கொண்டு அமைத்தீர்கள்?