வில்லிசை வேண்டாம்: துருக்கிக் கருவிகளுக்கு ஒரு சொல்

நண்பர்களே, துருக்கி நாட்டுப்புற இசை பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ் வசன வரிகள் எழுதுகிறேன். நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். மேற்கே ஏகெயன் கடல் பக்கத்துக் கபாக் கெமானே, கருங்கடல் கரையின் கெமெஞ்சே என்று வில் போட்டு வாசிக்கும் கருவிகளாக வருகின்றன. மொத்த வகைக்கும் 'வில்லிசைக் கருவி' என்று போட்டிருக்கிறேன். சரியா?
- ம.

வேண்டாம். எங்கள் குமரிப் பக்கம் வில்லிசை என்றால் குடம், உடுக்கை, வீசுகோல்தான். அங்கே வில்லே கருவி, அதைக் கோலால் தட்டுகிறோம். இங்கே வில் வெறும் இழுகோல். 'இழுநரம்புக் கருவி' என்று வையுங்கள்.
- கு.

ஐயா, இழுநரம்பு என்றதும் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வில்லை விட முடியாது. பாரசீகத்தில் கமான் என்றால் வில், 'ச்சே' சிறுமை விகுதி, ஆக அது 'சிறுவில்'. துருக்கியில் வயலினுக்கே கெமான் என்றுதான் பெயர். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நார் கட்டி வாசிக்கிறானே, வில்யாழ்! அதையே எடுத்துக்கொள்ளலாமே?

அப்புறம், 'ஞ்சே' என்று எழுதினால் மஞ்சள் போலப் படிப்பார்கள். கெமென்ச்சே என்று திருத்துங்கள்.
- செ.

வில்யாழ் தெறித்து வாசிப்பது அக்கா, வில் போடுவதில்லை. இன்னொன்று, கருங்கடல் கெமென்ச்சேயில் இன்று இருப்பவை மூன்று உலோகத் தந்திகள். ஹொரோன் ஆட்டத்துக்கு இரண்டு தந்திகளைச் சேர்த்தே இழுப்பார்கள். இதில் நரம்பு எங்கே வந்தது? 'வில் தந்திக் கருவி' என்போம்.
- வா.

தந்தி வடசொல். வீணையில் மட்டும் நரம்பா இருக்கிறது? அதை நரம்புக் கருவி என்று சொல்லாமலா விட்டோம்?

கபாக் என்றால் சுரைக்காய் இனம். காய்ந்த குடுக்கையின் வாயில் தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பொருநராற்றுப்படை யாழின் குடத்தைப் 'பத்தல்' என்கிறது, போர்த்திய தோலைப் 'பச்சை' என்கிறது. இரண்டையும் மீட்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.
- கு.

ஐயா, திரையில் 'பச்சை' என்று போட்டால் பார்ப்பவர் நிறத்தைத் தேடுவார். எனக்கு இரண்டு வரிதான் இடம். 'குடுக்கை', 'தோல்' என்றே விடுகிறேன். வகைப்பெயர் 'வில் நரம்புக் கருவி'. மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள், ஒருவர் 'போதும், அனுப்பிவிடு' என்றார். அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.
- ம.

அனுப்புங்கள். ஆனால் கபாக் கெமானேயை முழங்காலில் ஊன்றி வாசிப்பவரைக் கவனியுங்கள். வேறு தந்திக்குப் போக வில்லைச் சாய்ப்பதில்லை, கருவியையே திருப்புகிறார். வில் ஒரே தளத்தில் போய் வருகிறது, அவ்வளவுதான். அதன் பெயரையா முன்னால் போடுவது? என் ஓட்டு இழுநரம்புக்கே.
- கு.