சேஃப்கார்டிங்: ‘பேணுகாப்பு’ என்று ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளையும் ஆபத்திலுள்ள வயதுவந்தோரையும் கொடுமை போன்ற தீங்குகள் அண்டாமல் காக்கும் பணியைச் சேஃப்கார்டிங் (safeguarding) என்கிறார்கள். நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன சொல் வைப்பது என்று எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> சேஃப்கார்டிங் என்றால் பாதுகாப்புதானே? இருக்கிற சொல் போதாதா?

பேச்சுக்குப் போதும். மருத்துவமனைத் தாளுக்குப் போதாது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் தாள்களைத் தமிழாக்கும்போது செக்யூரிட்டி, சேஃப்டி, புரொடெக்‌ஷன் மூன்றுக்குமே ‘பாதுகாப்பு’ என்றுதான் போடுகிறோம். நான்காவதாக இதையும் அதன் தலையில் ஏற்றினால், ‘பாதுகாப்பு அலுவலர் உங்களைச் சந்திப்பார்’ என்று படிப்பவர் வாசலில் நிற்கும் காவலாளியைத்தான் நினைப்பார்.

தீங்குக்கு ஆளான, அல்லது ஆளாகும் நிலையில் இருக்கிற ஒரு குழந்தையைக் காப்பது சைல்ட் புரொடெக்‌ஷன். அதற்குக் ‘குழந்தைப் பாதுகாப்பு’ இருக்கட்டும். சேஃப்கார்டிங் அதைவிட அகலமானது. இங்கிலாந்தின் 2004 குழந்தைகள் சட்டம், 11ஆம் பிரிவில், குழந்தைகளின் நலனைக் காப்பதையும் மேம்படுத்துவதையும் சேர்த்தே என்எச்எஸ் அமைப்புகளின் கடமையாக வைக்கிறது.

அந்தச் சட்டத்துக்கு வழிவகுத்தது விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியின் மரணம். வளர்த்தவர்களின் கொடுமையால் அவள் 2000 பிப்ரவரியில், எட்டு வயதில், லண்டனில் இறந்தாள். அதற்கு முந்தைய ஜூலையில் மட்டும் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். முதல் முறை, உடம்பில் இருந்த தழும்புகளுக்குச் சொறிதான் காரணம் என்று முடிவுகட்டி மறுநாளே அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை செவிலியர்கள் காயங்களைக் கவனித்தார்கள், சந்தேகமும் பட்டார்கள். ஆனால் பார்த்ததெல்லாம் குறிப்பேட்டில் ஏறவில்லை, அடுத்தவர் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவுமில்லை. அவள் மரணத்தை விசாரித்து 2003இல் வெளியான லேமிங் அறிக்கையைப் படித்தால் மனம் ஆறாது. பார்ப்பது, கேட்பது, எழுதிவைப்பது, விடாமல் பின்தொடர்வது: இந்த அன்றாடக் கவனம் நம் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

‘பேண்’ என்ற வினையில் அது இருக்கிறது. உடம்பைப் பேணு, பேணி வளர்த்தாள் என்று இன்றும் சொல்கிறோம்.

> அப்படியானால் பேணிக்காப்பு?

கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பிரிட்டனில் இதைப் படிக்கப்போகிறவர்களில் ஈழத்தமிழர் அதிகம். அவர்களுக்குப் பேணி என்றால் தகரப்பேணி, மூக்குப்பேணி போன்ற பாத்திரம். அதனால் ‘பேணுகாப்பு’ என்கிறேன். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. குழந்தைப் பேணுகாப்பு, பேணுகாப்புச் செவிலியர், பேணுகாப்புப் பயிற்சி என்று ஒட்டிப் பார்த்தேன், வாயில் சிக்கவில்லை. காப்பைக் குறிக்கும் ‘ஏமம்’ நல்ல பழஞ்சொல்தான், ஆனால் இன்றைய காதில் ஏமாற்றமாக விழும்.

> வல்னரபிள் அடல்ட்டுக்கு (எளிதில் தீங்குக்கு ஆளாகக்கூடிய வயதுவந்தவர்) ‘நலிந்தோர்’ சுருக்கமாக இருக்கிறதே?

இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. குறையை அந்த ஆள்மேலேயே சுமத்துகிற சொல் அது. வல்னரபிள் அடல்ட் என்பதற்கும் இதே கண்டனம் எழுந்தது. 2014 பராமரிப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் ‘அடல்ட் அட் ரிஸ்க்’ என்கிறார்கள். பராமரிப்போ ஆதரவோ தேவைப்படுகிற, கொடுமைக்கு ஆளாகிற அல்லது ஆளாகக்கூடிய, அந்தத் தேவைகளின் காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள முடியாத வயதுவந்தவர். ‘ஆபத்திலுள்ள வயதுவந்தோர்’ போதும். ‘பெரியவர்’ வேண்டாம். கற்றல் குறைபாடுள்ள இருபது வயது இளைஞரும் இதில் அடங்குவார், பெரியவர் என்றால் முதியவர் என்றே புரிந்துகொள்வோம்.

இன்னொன்று. இந்தச் சொற்களெல்லாம் ஊழியர்களுக்கானவை. மேல்கையில் விரல் பதிந்த கன்றலோடு ஒரு மூதாட்டி வருகிறார், கேட்பதற்கெல்லாம் மகனே பதில் சொல்கிறார் என்று வையுங்கள். செவிலியர் மகனைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, குடும்பத்தைச் சேராத மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறார். அங்கே போய் ‘பேணுகாப்பு குறித்துப் பேச வேண்டும்’ என்றால் அவருக்கு என்ன விளங்கும்? ‘வீட்டில் யாராவது உங்களை நோகடிக்கிறார்களா, அம்மா? பணத்தை எடுத்துக்கொள்கிறார்களா?’ என்றுதான் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது; ஆபத்து என்று தெரிந்தால் உரியவர்களிடம் தெரிவித்தாக வேண்டும். ஆகவே பட்டியலில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்குப் பக்கத்திலும், நோயாளியிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு வரி சேர்ப்போம்.

அப்புறம், நெக்லெக்ட், அதாவது ஒருவருக்குத் தேவையான கவனிப்பைத் தராமல் விடுவது, அதற்கான சொல் இன்னும் முடிவாகவில்லை. ‘புறக்கணிப்பு’ என்றால் தேர்தல் புறக்கணிப்புதான் நினைவுக்கு வருகிறது, வேண்டுமென்றே செய்வதாகவும் தொனிக்கிறது. நான் ‘கவனிப்பின்மை’ பக்கம் சாய்கிறேன். ஒருவர் உண்ணாமல், மருந்து எடுக்காமல் தன்னையே கவனிக்காமல் விடுவதும் 2014 பராமரிப்புச் சட்டத்தின் வழிகாட்டலில் வருவதால், ‘தன்கவனிப்பின்மை’ பொருந்துமா என்று மருத்துவமனைகளில் மொழிபெயர்க்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.