ஆட்டு மூக்குச் சளியை எப்படிப் போக்குவது? உதவுங்களேன்

வணக்கம். சென்னையில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். வாசனை அறியும் நரம்பு செல்களின் மேற்பரப்பை ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். விடியற்காலையிலேயே சைதாப்பேட்டை கறிக்கடையில் ஆட்டுத்தலை வாங்கி ("மூக்குக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கடைக்கார அண்ணன் சிரித்தார்), மூக்கின் உள்ளே மேற்பகுதியில் மஞ்சளாக இருக்கும் சவ்வை வெட்டி ஃபிக்ஸ் செய்ய (திசு கெடாமல் அப்படியே நிலைக்க) 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் போட்டேன். அப்புறம் எத்தனாலில் நீர் நீக்குவது, தங்கப் பூச்சு எல்லாம் முடிந்தது.

நரம்பு செல்லின் நுனியில் ஒரு குமிழும் அதிலிருந்து நீண்ட சிலியாவும் (மயிரிழை போன்ற நீட்சிகள்) தெரிய வேண்டும். சுற்றியுள்ள தாங்கு செல்களில் குட்டையான மைக்ரோவில்லி (விரல் போன்ற நுண் நீட்சிகள்) அடர்ந்திருக்கும். என் படத்தில் எல்லாமே சளிக்கு அடியில்! ஒரே ஒரு இடத்தில் குமிழ் எட்டிப் பார்த்தது. அதிலும் சிலியா எண்ணெய் காணாத முடி போலச் சடை பிடித்திருந்தது. காற்றில் உலர்த்தியது தப்பு என்று நினைக்கிறேன்.

ஃபிக்ஸ் செய்யும் முன் எதில் கழுவினால் சிலியா உதிராமல் சளி மட்டும் போகும்? பாஸ்பேட் பஃபரில் மூன்று முறை அலசியும் போகவில்லை. கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையரை (நுண் அமைப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் உலர்த்தும் கருவி) வெளி மாணவர்களுக்குத் தரும் லேப் சென்னையில் எங்கே இருக்கிறது? எச்.எம்.டி.எஸ். (அந்தக் கருவி இல்லாமல் உலர்த்த உதவும் ஒரு திரவம்) வைத்து உலர்த்தியவர்கள் இருந்தால், சிலியா தனித்தனியாக நின்றதா என்று சொல்லுங்கள். வைவா அடுத்த மாதம். கைடைக் கேட்டால், "இன்னொரு தலை வாங்கும்மா" என்கிறார்.