மக்ரூன் டப்பாவும் பாஸ்பரஸ் கணக்கும்

தூத்துக்குடிக்காரன்
சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கி இரண்டாவது ஆண்டு. போன கிறிஸ்துமஸுக்கு மைத்துனர் அரைக் கிலோ மக்ரூன் கொண்டுவந்தார். வாயில் வைத்ததும் கரையும் அந்தக் கூம்புகளைப் பார்த்ததும் எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். மைதா இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும்தானே? எனக்குச் சர்க்கரை நோயும் கிடையாது. வாதத்தில் முந்திரியை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன். 100 கிராம் முந்திரியில் கிட்டத்தட்ட 600 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது.

மூன்றே நாளில் டப்பா காலி. முதுகில் ஏற்கெனவே இருந்த அரிப்பு கூடி, இரவில் பிள்ளையின் ஸ்கேலை எடுத்துச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரப் பரிசோதனையில் ரத்தத்தில் பாஸ்பரஸ் 6.8, இருக்க வேண்டியதைவிட அதிகம். உணவு ஆலோசகர் திட்டவில்லை.

"பாஸ்பரஸ் மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?"

"மூன்று வேளையும் சாப்பாட்டோடு, அம்மா."

"மக்ரூன்?"

"நாலு மணிக்கு. டீயோடு."

அவர் பேனாவை மூடி வைத்தார். வயிற்றில் உணவோடு சேர்ந்து இருந்தால்தான் அந்த மாத்திரை பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும். மதியம் போட்டது மாலைப் பலகாரத்துக்குக் காவல் இருக்காது.

மாமியாருக்குச் சமைப்பவள்
அண்ணா, நான் செய்த கூத்து வேறு. அத்தைக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதும் மைதா ரொட்டியை நிறுத்திவிட்டு, நல்லதென்று நம்பிக் கோதுமை பிஸ்கட்டும் கடைக் கேக்கும் வாங்கிக் கொடுத்தேன். முழுக் கோதுமையில் பாஸ்பரஸ் மைதாவைவிட அதிகம்தான். ஆனால் தானியத்தில் இயற்கையாக இருப்பதில் ஒரு பகுதியைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. கேக்கை உப்பவைக்கச் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் சேர்ந்துவிடுகின்றன. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 450, 341 என்ற எண்கள் இருந்தால் அந்த உப்புகளின் குறியீடுகள்தான் அவை. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். வீட்டில் ஈஸ்ட் போட்டு பன் சுடுகிறேன். முதல் இரண்டு முறை செங்கல்!

சோடா உப்பும் எலுமிச்சையும் போதுமே என்று ஒரு தோழி சொன்னார். அதில் சோடியம் உண்டு, அத்தைக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது. வேண்டாம் என்றுவிட்டேன்.

திங்கள் புதன் வெள்ளி
வெள்ளி டயாலிசிஸ் முடிந்தால் எனக்கு அடுத்தது திங்கள்தான். இடையில் வந்த ஞாயிறன்று, திராட்சையும் பேரீச்சையும் திணித்த பிளம் கேக் நான்கு துண்டு. திங்களன்று கால் துவண்டது. உலர்பழத்தில் நிறைந்திருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் 6.4, இதயத்துக்கே ஆபத்தான அளவு. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கு முன்பே இசிஜி எடுத்தார்கள். அந்த நர்சின் முகத்தைப் பார்த்த பிறகு உலர்திராட்சை இருக்கும் பக்கமே போவதில்லை.

தூத்துக்குடிக்காரன்
இந்த முறை மைத்துனரிடம் அரைக் கிலோ வேண்டாம், இரண்டே இரண்டு போதும் என்றேன். ஆலோசகர் அதற்குத் தலையாட்டியிருக்கிறார், மதியச் சாப்பாட்டோடு, மாத்திரையோடு. மைத்துனருக்குத்தான் மனமில்லை. இரண்டை எப்படிக் கட்டிக் கொடுப்பான் கடைக்காரன் என்கிறார்.