‘ஐட் ராதர் கோ பிளைண்ட்’: பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸ் பாடிய ‘ஐட் ராதர் கோ பிளைண்ட்’ பாட்டின் வெவ்வேறு பதிவுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் உதவி வேண்டும்.

1967இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில், ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டூடியோவில் பதிவான பாட்டு. ‘டெல் மாமா’ இசைத்தட்டின் மறுபக்கமாகத்தான் வெளிவந்தது. மொத்தப் பாட்டுக்கும் இரண்டே கிட்டார் கார்டுதான் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). ஆர்கனும் பிராஸும் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவிகள்) அதையே மெதுவாகச் சுற்றிச் சுற்றி வர, எட்டா அழுகையை அடக்கிக்கொண்டு பாடுகிறார். எத்தனை முறை கேட்டாலும் அலுக்கவில்லை.

குழப்பம் எழுதியவர் பெயரில்தான். எலிங்டன் ஜோர்டன், பில்லி ஃபாஸ்டர் என்று போடுகிறார்கள். ஆனால் சிறையிலிருந்த ஜோர்டனைப் பார்க்கப் போனபோது அரைகுறையாகக் கேட்ட பாட்டை அவருடன் சேர்ந்து முடித்ததாகவும், வரித் தொல்லைக்காகத் தன் பங்கை ஃபாஸ்டர் பெயருக்கு விட்டதாகவும் எட்டா தன் சுயசரிதையில் சொல்கிறார். பாட்டை வெளியிட்ட கேடட் கம்பெனியின் அந்த 45 ஆர்பிஎம் சிறிய தட்டு யாரிடமாவது இருந்தால், மறுபக்க லேபிளைப் படமெடுத்துப் போடுங்களேன். அச்சில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் மற்றவர்கள் பாடியவை. சிக்கன் ஷாக் குழுவில் கிறிஸ்டின் பெர்ஃபெக்ட் (1969, பிரிட்டன் பட்டியலில் 14ஆம் இடம்), ராட் ஸ்டூவர்ட் (1972), ‘காடிலாக் ரெக்கார்ட்ஸ்’ படத்தில் பியான்ஸே (2008) எல்லாம் கைவசம் உள்ளன. கிறிஸ்டின் அலட்டாமல் பாடியதுதான் என் கட்சி, சண்டைக்கு வராதீர்கள். 70களில் சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) பாடகர்கள் பாடியது தெரிந்தால் ஆல்பம் பெயரும் ஆண்டும் சொன்னால் போதும், தேடிக்கொள்கிறேன்.